எட்டாம் பிரபு

வெள்ளி உருண்டைகள் ஆறில் ஐந்து பளபளத்துவிட்டன. ஆறாவது மட்டும் எத்துணை தேய்த்தும் ஒளி பெறவில்லை. ஏனெனில் அது வெள்ளியே அன்று. தாத்தாவின் காலத்தில் கூரை ஒழுகி, முடி இருந்த பேழை நனைந்தபோது கழன்று விழுந்து காணாமற்போன உருண்டைக்குப் பதிலாக, ஊர்த் தச்சர் மரத்தில் கடைந்து வெள்ளிச் சாயம் பூசிக் கொடுத்தது அது. சமையலறை மேசைமீது செய்தித்தாளை விரித்து, குடும்பத்தின் பிரபுப் பட்டத்துக்குரிய மணிமுடியை அதன்மேல் வைத்து, சமையல் சோடா தொட்ட துணியால் தாமசினா அந்த மரக்குண்டையும் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அதை விட்டுடுங்க மிஸ் டாம்,” என்றாள் முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் சமைத்துவரும் டிலியா. “இன்னும் தேய்ச்சா உள்ளே இருக்கற கட்டைதான் தெரியும். கோவிலுக்கு வெளியில நிக்கறவங்க பாத்துட்டு, இந்தக் குடும்பம் மொத்தமே இவ்வளவுதான்னு சொல்லுவாங்க.”

தாமசினா துணியை வைத்துவிட்டாள். துணியில் வெள்ளிச் சாயம் ஒட்டியிருந்தது.

கூடத்தில், இரண்டு நாற்காலிகளின்மேல், அவளுடைய தந்தை தாமஸ் ஹாசெட், ராத்மோய்லின் ஏழாம் பிரபு, சவப்பெட்டிக்குள் மூடப்பட்டுக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பூட்ஸின் கயிற்றைக் கட்டி முடித்து, மற்றதைக் கட்டுவதற்குள் அவர் இறந்துபோனார். இன்று புதன்கிழமை. பதினொரு மணிக்குப் பெட்டி கோவிலுக்குப் புறப்படவேண்டும். அதற்குமுன், அவருடைய இரண்டாம் மனைவி ஹெஸ்டர் கூடத்திற்கு இறங்கிவந்து, பாதிரியாரின் முன்னிலையில் ஒரே ஒரு சொல் சொல்லவேண்டும். அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. ஊர் முழுவதும் அதைப் பற்றியே மூன்று நாட்களாகப் பேசிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. டப்ளினில் இருந்த அயர்லாந்து நாடாளுமன்றத்தை இழுத்து மூடிவிடலாமா என்று 1800ஆம் ஆண்டில் அந்த நாடாளுமன்றத்திலேயே வாக்கெடுப்பு நடந்தபோது, ‘மூடலாம்’ என்று வாக்களித்தவர்களுள் ஜாஸ்பர் ஹாசெட்டும் ஒருவர். லண்டன் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தது. ஊர் மக்கள் அதை நூற்றைம்பத்தேழு ஆண்டுகளாக மறக்கவில்லை. ஹாசெட் குடும்பமோ அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் பிரபு குதிரைப் பந்தயத்தில் பாதி நிலத்தை இழந்தார். மூன்றாமவர் 1847இல், பஞ்சக் காய்ச்சலில், முப்பது வயதில் இறந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை என்று எண்ணி, ஃபெர்மானா மாவட்டத்திலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் கல்லறையில் பெட்டியின்மேல் இருந்த முடியை எடுத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் வீட்டில் குடியேறி, வாசற்சாலையின் இருபுறமும் நின்ற ஓக் மரங்களை வெட்டி விற்றார். ஐந்து மாதம் கழித்து, அதுவரை வாய் திறவாதிருந்த இளம் விதவைக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒன்றுவிட்ட தம்பி முடியைத் திருப்பிக் கொடுத்தார். மரங்களைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அந்த அவமானத்திற்குப் பிறகு குடும்பத்தின் சொத்துப் பத்திரத்திலேயே ஒரு விதி எழுதப்பட்டது. பிரபு மகனின்றி இறந்தால், பெட்டி வாசலைத் தாண்டுமுன், விதவை பாதிரியாரிடம் ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லவேண்டும். ‘உண்டு’ என்றால், குழந்தை பிறக்கும்வரை முடி கோவிலில் பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும். ‘இல்லை’ என்றால், அடுத்த ஆண் வாரிசு கல்லறையருகில் அதைக் கையில் எடுப்பார். எந்தக் கிளையிலும் ஆண் வாரிசே இல்லையெனில், கடைசிப் பிரபுவோடு அதுவும் மண்ணுக்குள் போகும். பட்டம் அத்தோடு முடியும். பட்டத்தோடு கட்டப்பட்டிருந்த நிலமும் வீடும் கட்டு அவிழ்ந்து, பெற்ற பெண்ணுக்குச் சேரும்.

இப்போது எந்தக் கிளையிலும் ஆண் இல்லை. கடைசியாக இருந்த சித்தப்பா மகன் போரில் இத்தாலியில் இறந்துபோனான். பெற்ற பெண் தாமசினா ஒருத்தியே. தாமஸ் என்று பெயரிடுவதற்காகக் காத்திருந்த வீட்டில் பெண்ணாகப் பிறந்துவிட்டதால், பெயரின் வாலை மட்டும் மாற்றி வைத்தார்கள். பண்ணையாட்கள் அதையும் நறுக்கி மிஸ் டாம் ஆக்கினார்கள். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. பத்தொன்பது வயதிலிருந்து அந்த நூற்றெண்பது ஏக்கரையும் மாடுகளையும் நடத்திவருபவள் அவள்தான்.

*

தேநீரோடு அவள் மாடிக்குச் சென்றபோது, ஹெஸ்டர் கறுப்பு உடையில் சன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். காலையில் டிலியா கொண்டுவைத்த தட்டு தொடப்படாமல் இருந்தது. முந்தைய நாள் தட்டும் அப்படியே திரும்பி வந்ததென்று டிலியா சொல்லியிருந்தாள். வாந்தி எடுத்ததையும், கேட்காமலே, சொல்லியிருந்தாள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஹெஸ்டர் ஸ்லைகோ நகரில் மருந்துக் கடை வைத்திருந்தாள். மருந்தியல் படித்துத் தேறிய பெண். இருமலுக்கு மருந்து வாங்கப் போன பிரபு, மூன்றாம் முறை போனபோது தம் தேவையை மறைக்காமல் சொன்னார்: தமக்கு ஒரு மகன் வேண்டும். அவள் ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தாள். அதைப் பற்றி அவள் எப்போதும் வருத்தமாகப் பேசியதில்லை, மகிழ்ச்சியாகவும் பேசியதில்லை. அவர் அவளிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார். தாமசினாவைவிட அவள் இரண்டு வயது இளையவள். இருவரும் ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்றே அழைத்துக்கொண்டார்கள்.

“பாதிரியார் வந்துட்டார்,” என்றாள் தாமசினா.

“கார் சத்தம் கேட்டது. வக்கீலும் வந்திருக்காரா?”

“அவர் நேத்தே வந்துட்டார். நூலக அறையில தூங்கினார். மேலே சொட்டுதுன்னு நடுவுல எழுந்து கட்டிலை நகர்த்தியிருக்கார்.”

ஹெஸ்டர் சிரிக்க முயன்றாள். பிறகு, தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமல் அதன் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஒன்பது நாள் தள்ளிப் போயிருக்கு.”

தாமசினா அறைக்கதவைச் சாத்தினாள்.

“எனக்கு ஒரு நாள்கூட முன்னப்பின்ன ஆனதில்ல. ஆனா மூணு வாரமா நான் சரியாத் தூங்கவே இல்ல. உங்கப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார், நான் எதிர்ல உக்காந்திருப்பேன். கடைக்கு வந்து ஒரு பொம்பளை இதைச் சொல்லியிருந்தா, இது எதுவா வேணாலும் இருக்கலாம், இன்னும் ரெண்டு வாரம் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பேன்.”

“அப்ப கீழே என்ன சொல்லப் போறீங்க?”

“நான் என்ன சொல்லணும்னு நீங்க நினைக்கறீங்க?”

தான் என்ன நினைக்கிறாள் என்பதைத் தாமசினா மிக நன்றாக அறிந்திருந்தாள். அறிந்திருந்ததனாலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டிலின்மேல் கிடந்த கையுறைகளைச் சேர்த்துவைத்தாள். ஒரு குழந்தை இல்லாதிருக்கவேண்டும் என்று ஒருத்தி விரும்புவது எத்தகைய விருப்பம்? அவளுடைய தந்தையின் குழந்தை, அவளுக்குத் தம்பி. அவன் வந்தால், அவன் பெயரில் சொத்தை நடத்த டப்ளினிலிருந்து அறங்காவலர்கள் வருவார்கள். இருபது ஆண்டுகளாக அவள் பெயரிட்டு, பிரசவம் பார்த்து, ஒவ்வொன்றாகத் தேர்ந்து வளர்த்த மாடுகள் ஏலத்திற்குப் போகும். அவள் எங்கோ ஒரு சிறு வீட்டில், மாதச் செலவுக்குக் கையொப்பமிட்டு வாங்கும் அக்காவாக முதுமை அடைவாள்.

“உண்மையைச் சொல்லுங்க,” என்றாள் அவள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிட வறண்டு ஒலித்தது.

*

பாதிரியார் ஸ்விட்சர் எழுபது வயதானவர். எழுத்தில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்பவர். பத்திரத்தின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, செபப் புத்தகத்திற்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வக்கீல் ஆர்ப்பன் கடிகாரத்தைத் திறந்து பார்த்து மூடினார். பெட்டியின்மேல் முடி ஏறியிருந்தது. மரக்குண்டு சுவர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கும்படி தாமசினா வைத்திருந்தாள்.

ஹெஸ்டர் இறங்கிவந்து கடைசிப் படியில் நின்றாள். பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலஞ்சென்ற பிரபுவின் வழியில் எதிர்பார்ப்பு உண்டா, இல்லையா என்று, தாளைப் பார்த்தபடியே கேட்டார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

“தெரியாது,” என்றாள் ஹெஸ்டர்.

பாதிரியார் தாளைத் திருப்பிப் பின்புறம் பார்த்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

“ரெண்டுல ஒண்ணைத்தாம்மா சொல்லணும்.”

“ரெண்டுல எதைச் சொன்னாலும் இன்னிக்கு அது பொய்யா இருக்கலாம், பாதிரியாரே. கோவிலுக்குப் போற வழியில என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

பாதிரியார் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையில் படர்ந்திருந்த ஈரக்கறையைப் பார்த்தார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த விதியை எழுதியவர்கள் அனைவரும் ஆண்கள். தெரியாதிருத்தல் என்ற ஒரு நிலை பெண்ணின் உடலில் உண்டென்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. மணி பதினொன்று அடித்தது. பெட்டியைத் தூக்கும் ஆறு பேரும் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இறுதியில் பாதிரியார், ஏதோ முடிவுக்கு வந்தவர்போல் தாளை மடித்து வைத்து, “சரி, புறப்படலாம்,” என்றார். எந்த முடிவுக்கும் வரவில்லை என்பது கல்லறையில்தான் தெரிந்தது.

*

கோவிலுக்குள் பதினேழு பேர் இருந்தார்கள். வெளியே, சாலையோரத்தில், சுற்றுச்சுவருக்கு அப்பால், தூறலில் நூறு பேருக்குமேல் நின்றார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள், மாற்றுச் சபையின் கோவிலுக்குள் நுழைய அவர்களுடைய ஆயர் அனுமதிப்பதில்லை. அதனால் அண்டை வீட்டாரின் இறுதிச்சடங்கை எப்போதும் மழையில் நின்றே கழிப்பது அவர்கள் வழக்கம். பண்ணையின் மூத்த ஆள் மாலக்கி, சுவரின்மேல் கைகளை ஊன்றி, கல்லறைத் தோட்டம் முழுவதும் தெரியும் இடத்தைப் பிடித்திருந்தார்.

உள்ளே செபம் நடந்தபோது தாமசினா தலை குனிந்திருந்தாள். தந்தைக்காக வேண்டிக்கொள்ளவே தொடங்கினாள். பாதி வழியில் தன் வேண்டுதல் வேறு திசையில் போய்விட்டதைக் கண்டு, திடுக்கிட்டு, அதை நடுவிலேயே நிறுத்தினாள். நிறுத்திய வேண்டுதல் கேட்கப்பட்டிருக்குமோ என்ற அச்சம் கடைசிப் பாட்டு வரையில் அவளை விடவில்லை. பக்கத்தில் ஹெஸ்டர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடாமல் நின்றாள்.

குழியருகே பெட்டியைக் கயிறுகளின்மேல் வைத்தார்கள். பாதிரியார் சொல்லவேண்டியவற்றைச் சொல்லி முடித்து, முடியைப் பார்த்து நின்றார். ‘உண்டு’ என்று சொல்லப்பட்டிருந்தால் அதை அவர் எடுத்திருப்பார். ‘இல்லை’ என்றிருந்தால் அது பெட்டியோடு இறங்கியிருக்கும். இரண்டும் சொல்லப்படவில்லை. அவர் கையை நீட்டினார். பிறகு, தமக்கு அந்த அதிகாரம் இல்லையென்று நினைத்தவராய், அங்கியின் மடிப்பை நீவிவிட்டு அதே கையை உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்குள் ஆட்கள் பெட்டியைக் கயிறுகளால் தூக்கிக் குழிக்கு மேலே பிடித்திருந்தார்கள். பெட்டி கனமானது, மண் நனைந்திருந்தது, நின்ற கால்கள் சறுக்கின.

சுவருக்கு அப்பாலிருந்து மெல்லிய முணுமுணுப்புக் கேட்டது. பிள்ளையே இன்னும் வரவில்லை, அதற்குள் அதன் தொப்பி பெட்டியில் உட்கார்ந்திருக்கிறதென்று யாரோ சொன்னார்கள். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

கயிறு ஒரு சாண் நழுவியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. முடி வழுக்கிக் குழியின் விளிம்பை நோக்கி நகர்ந்தது.

தாமசினா இரண்டடி முன்னே வைத்து அதைப் பிடித்தாள். பால் வாளியைக் கன்று உதைத்துச் சாய்க்கும்போது பிடிப்பதுபோல, யோசிக்காமல், ஒரு கையால் பிடித்தாள். பிடித்த பிறகுதான் எல்லோரும் தன்னைப் பார்ப்பதை அறிந்தாள். நூற்றைம்பத்தேழு ஆண்டுகளில் அதைக் கல்லறையில் கையில் எடுத்த முதல் பெண் அவள். அதில் இருந்ததெல்லாம் ஈரமும், சற்றுக் கனமும், சமையல் சோடாவின் மணமுந்தான்.

“இறக்குங்க,” என்றாள் கயிறு பிடித்தவர்களிடம். “அப்பாவை இப்படி அந்தரத்துல தொங்க விடாதீங்க.”

பெட்டி இறங்கியது. இரண்டு முழம் ஆழத்தில் அது கண்ணுக்கு மறைந்தபோது, தந்தை அடிக்கடி தொடங்கி ஒருபோதும் முடிக்காத வாக்கியம் அவள் நினைவுக்கு வந்தது: ‘நீ மட்டும் பையனா இருந்திருந்தா...’ கைநடுக்கம் வந்தபின் காலைதோறும் சட்டைப் பித்தான்களை அவள் மாட்டிவிடும்போதும் அதைச் சொல்வார். அதன் மிச்சத்தை அவள் தானே பலவிதமாக முடித்துப் பார்த்திருக்கிறாள். இனி யாரும் அதைத் தொடங்கப் போவதில்லை. அழுகை வருமென்று எதிர்பார்த்தாள், வந்தது, ஆனால் சிறிதளவே வந்தது.

முடியைப் பாதிரியாரின் அறையில் இருந்த அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். குழிவெட்டி அவளை வழிமறித்து, இரண்டு வாரம் கழித்து இல்லையென்று தெரிந்தால் அந்தத் தொப்பிக்காகத் தாம் இன்னொரு முறை தோண்டவேண்டுமா என்று மிகுந்த கவலையோடு விசாரித்தார்.

*

வீட்டில் பன்றித் தொடைக்கறி, பழக்கேக், தேநீர். பின்முற்றத்தில் நின்ற ஆண்களுக்கு விஸ்கி. மூன்று மணிக்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். வக்கீல் ஆர்ப்பன் இரு பெண்களையும் நூலக அறையில் உட்காரவைத்து, நிலைமையை விளக்கினார். அயர்லாந்து அரசு இந்தப் பட்டங்களை ஏற்பதில்லை என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் பத்திரம் ஏற்கிறது. பத்திரத்தை நீதிமன்றம் ஏற்கிறது. ஆகவே காத்திருக்கவேண்டும். பெண் குழந்தையாயின் சொத்து அவளுக்கும் தாமசினாவுக்கும் பொது. ஆண் குழந்தையாயின், பிறந்த கணத்திலேயே அவன் ராத்மோய்லின் எட்டாம் பிரபு.

தாமசினா ஒன்றே ஒன்று கேட்டாள்: “அப்படின்னா மாடுகளை எப்ப விப்பீங்க?”

அறங்காவலர்கள் வழக்கமாக நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவார்களென்றும், அப்போது மாடுகளுக்குத் தேவை இராதென்றும், வசந்தகாலச் சந்தையில் நல்ல விலை போகுமென்றும் அவர் கனிவாகவே சொன்னார். பிறகு ஹெஸ்டரின் பக்கம் திரும்பினார். சிறுவயதுப் பிரபுவின் தாய், அவனுக்கு இருபத்தொரு வயதாகும்வரை, இந்த வீட்டிலேயே வசிக்கவேண்டும். வெளியே தொழில் செய்வதோ மறுமணமோ கூடாது. மீறினால் பிள்ளை அறங்காவலர்களின் பொறுப்புக்குப் போய்விடுவான்.

“இருபத்தோரு வருஷம்,” என்றாள் ஹெஸ்டர்.

“பத்திரத்துல அப்படித்தான் இருக்கு, அம்மா.”

“அப்ப எனக்கு ஐம்பத்தெட்டு முடிஞ்சிருக்கும்.” மாத்திரைகளை எண்ணிப் புட்டியில் போடும் ஒருத்தியின் குரலில் அவள் அதைச் சொன்னாள். பிறகு எழுந்து, தலை வலிக்கிறதென்று சொல்லி, மாடிக்குப் போனாள். படிகளில் அவள் காலடி ஓசை, நடுவில் சற்று நின்று, மீண்டும் தொடர்ந்தது.

அந்தப் பத்திரம் தன்னை மட்டுமே கட்டிவைத்திருக்கிறது என்று தாமசினா நான்கு ஆண்டுகளாக எண்ணியிருந்தாள். காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அவள் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் நான்கரை மணி ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டுப் போனார்.

*

யார் இறந்தாலும் மாடுகளுக்கு ஐந்து மணிக்குப் பால் கறந்தாகவேண்டும். துக்க உடையைக் களைந்து பழைய மேற்சட்டையை மாட்டிக்கொண்டு தாமசினா தொழுவத்திற்குச் சென்றாள். மாலக்கி முன்னரே விளக்கை ஏற்றி வைத்திருந்தார். இருவரும் எதிரெதிர் வரிசையில் முக்காலி போட்டு அமர்ந்தார்கள்.

போன வாரம் பிறந்த கிடேரிக் கன்று வைக்கோலில் படுத்திருந்தது. அது பிறந்தபோது தந்தை தடி ஊன்றி இங்கே வந்து பார்த்தார். கிடேரி என்றதும் முகம் மலர்ந்து, மாலக்கிக்கு ஒரு கோப்பை விஸ்கி கொடுக்கச் சொன்னார். காளைக்கன்றாக இருந்தால் உதட்டைப் பிதுக்கி, விற்றுவிடு என்பார். தொழுவத்தில் இருந்த அந்த நியாயம் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“சுவர்கிட்ட நின்னு எல்லாம் பாத்தோம்,” என்றார் மாலக்கி, மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்தபடி.

“தெரியும். சிரிச்சதும் கேட்டது.”

“சிரிச்சது நான் இல்ல, கெரிகன். நான் வேற ஒண்ணு நினைச்சேன். எங்க பாட்டன் அஞ்சாவது பிரபுவைப் பாத்திருக்கார், எங்கப்பன் ஆறாவதை, நான் ஏழாவதை. ஒருத்தருக்கும் ஒரு வாளியைச் சிந்தாமத் தூக்கத் தெரியாது. இன்னிக்குத்தான் அந்தச் சனியன் ஒழுங்கான கையில வந்து உக்காந்துச்சு. உடனே அதை அலமாரியில வச்சுப் பூட்டியாச்சு.”

“அது எனக்கு வேண்டாம், மாலக்கி.”

“அது யாருக்குங்க வேணும்? உங்களுக்கு மாடுதான் வேணும்.” அவர் அடுத்த மாட்டுக்கு நகர்ந்தார். “மாடு இருக்குமா?”

தெரியாது என்று அவள் சொன்னாள். காலையில் ஹெஸ்டர் சொன்னபோது இருந்ததைவிட அந்தச் சொல் இப்போது கனமாக இருந்தது. மாலக்கி அதற்குமேல் கேட்கவில்லை. தம் பெண்சாதி ஒன்பது பெற்றவள், அவளுக்கே ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை நிச்சயமாகத் தெரிந்ததில்லை என்று மட்டும், மாட்டிடம் சொல்வதுபோல் சொன்னார்.

கறந்து முடித்து, பாலை வடிகட்டிப் பெரிய பாத்திரத்தில் ஊற்றியபின், வாளிகளைக் கழுவுவதற்காக அவள் வீட்டின் பின்பக்கக் கதவைத் திறந்து, பாத்திரம் துலக்கும் அறைக்குள் நுழைந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் ரொட்டி அறுக்கும் ஓசை கேட்டது. பொரிந்த பன்றிக்கறியின் மணம் வந்தது.

கல்தொட்டிக்கு முன்னால், தரையின் நட்டநடுவில், ஒரு பித்தளைப் பாத்திரம் இருந்தது. அதைச் சுற்றிப் போகாமல் யாரும் தொட்டியை அணுகமுடியாது. அதற்கு மூடி இல்லை. அந்த வீட்டில் பெண்கள் மாதாமாதம் துணி ஊறவைக்கும் பாத்திரத்தைத் தாழிட்ட அறைக்குள், தட்டால் மூடி, திரைக்குப் பின்னால் வைப்பதே வழக்கம். முப்பத்தொன்பது ஆண்டுகளில் அவள் பிறருடையதை ஒருமுறையும் கண்டதில்லை. தண்ணீரில் வெள்ளைத் துணிகள் மடிப்போடு அமிழ்ந்திருந்தன. தண்ணீர் செந்நிறமாக இருந்தது.

வாளிகளைக் கையில் பிடித்தபடியே அவள் நின்றாள். இரு வாளிகளும் காலியாக இருந்தும் கைகள் அவற்றை இறக்கி வைக்க மறந்துபோயின.

“இன்னொரு முட்டை இருக்கா டிலியா?” என்று ஹெஸ்டரின் குரல் கேட்டது.

“இருக்கு. ஆனா அது நாலாவது, அம்மா.”

“இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு நாள் பாக்கி.”

நாற்காலி நகர்ந்தது. ஹெஸ்டர் வாசலில் வந்து நின்றாள். கறுப்புச் சட்டையின் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். கையில் கடித்த ரொட்டித் துண்டு இருந்தது. வாயோரத்தில் வெண்ணெய் ஒட்டியிருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பாத்திரத்தையே பார்த்தார்கள்.

“பச்சைத் தண்ணிதானே?” என்றாள் தாமசினா.

“ஆமா.”

“உப்புப் போட்டியா?”

ஹெஸ்டர் ரொட்டியை மென்று விழுங்கினாள். “மறந்துட்டேன்.”

தாமசினா வாளிகளைக் கீழே வைத்தாள். மாடத்தில் இருந்த கல்லுப்பு ஜாடியைத் திறந்து, ஒரு கைப்பிடி அள்ளினாள். சற்று யோசித்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள். குனிந்து, விதை தூவுவதைப்போல மெல்லத் தூவினாள். உப்புக் கற்கள் சிவந்த நீருக்குள் வெள்ளை வெள்ளையாக இறங்கி, துணியின் மடிப்புகளில் போய்த் தங்கின. பின்னால் குழாய் திறக்கும் ஓசை கேட்டது. ஹெஸ்டர் பால் வாளிகளில் ஒன்றை எடுத்துத் தண்ணீருக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, கழுவத் தொடங்கியிருந்தாள்.